ஆயுத பூஜையன்று போட்ட கனெக்‌ஷன்

பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஞானசேகரன் கைக்கு அடங்காத மிஷின் இன்னும் பிறக்கவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர், ஒற்றை லேத்தில் ஆரம்பித்து, தொண்ணூற்றொன்பதில் பட்டறைக்கு மேலே மாடி எழுப்பி ஆபீசே போட்டுவிட்டார். அப்பேர்ப்பட்டவரை, ஆபீசில் கணக்கு பார்க்கும் மௌரீன் அந்த வாரம் கலங்கடித்துவிட்டார்.

“முட்டி போயிடுச்சு, சார். இந்த மாசத்தோட நின்னுக்கறேன்.”

சரக்கு இருப்பு விவரமெல்லாம் கீழே பட்டறைக் கம்ப்யூட்டரில். சரக்கு கேட்டு மேலே போன் அடிக்கும்போதெல்லாம் மௌரீன் படியிறங்கிப் பார்த்துவிட்டு ஏற வேண்டும். ஆரம்பத்திலிருந்து கூடவே இருந்தவர். ‘போகாதீங்க’ என்று சொல்ல ஞானசேகரனுக்கு வாய் வருமா? மேலே புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்து, கேபிளும் இழுத்துவிட்டார்.

ஆயுத பூஜையன்று காலை பூசணிக்காய் உடைத்தார்கள். அதற்குப் பிறகும் டிரில்லைத் தொட்ட லேத்காரர் நாகேஷைப் பிடித்து, “இன்னிக்கு எந்த மிஷினும் ஓடக்கூடாது!” என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் மாடியேறினார்.

“இன்ஜினியரைக் கூப்பிடலாமே, சார்?” என்றார் மௌரீன்.

“எதுக்கு? கடையில இந்த கனெக்‌ஷனைப் போட்டுக் காட்டினதைப் பார்த்தேன். ஒரு தடவை பார்த்தா போதும் நமக்கு.”

கீழேயிருக்கும் டேட்டாபேஸை மேலே படிக்க வைக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அதைத் தேர்ந்தெடுத்தார், கனெக்‌ஷனுக்கு ஒரு பெயர் கொடுத்தார், கீழ்க் கம்ப்யூட்டரைக் காட்டினார், டெஸ்ட் பட்டனை அமுக்கினார். கனெக்‌ஷன் இல்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டார். அதுவும் இல்லை.

“நீங்க அமுக்கற அமுக்குல பட்டன் பட்டறையிலயே போய் விழுந்துடும், சார்.”

கேபிளைப் பார்க்கக் கீழே போனார். பட்டறைக் கம்ப்யூட்டர் மாலையும் குங்குமமுமாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. காலையில் பிளக்கைப் பிடுங்கியது அவர் கைதான்.

நாகேஷிடம் போட்ட சத்தம் இன்னும் பட்டறைக்குள்ளேயே நின்றது. நாகேஷ் பொரி தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மாடியில் போன் அடித்தது. சற்றைக்கெல்லாம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மௌரீன் படியிறங்கும் சத்தம்.

“இறங்காதீங்க! அங்கயே இருங்க!” பிளக்கைச் செருகிக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணினார்.

“சார், இன்னிக்கு எந்த மிஷினும் ஓடக்கூடாதுன்னு...”

“ஓடறதுக்கு இதுக்கென்ன சக்கரமா இருக்கு? சும்னே, பேசாம பொரியைத் தின்னுப்பா.”

மேலே வந்து பட்டனை அமுக்கினார். கனெக்‌ஷன் கிடைத்தது. நாற்காலிக்குத் திரும்பியிருந்த மௌரீன், எழாமலே சரக்கு இருப்பைப் பார்த்துப் போனில் பதில் சொல்லி வைத்தார்.

“கீழ என்ன சார் ஆச்சு?”

“டிரைவர் கொஞ்சம் முரண்டு பண்ணுச்சு. வழிக்குக் கொண்டு வந்துட்டேன்.”

மௌரீன் அவர் விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்தார்.

“அடுத்த மாசம்...” என்று இழுத்தார் ஞானசேகரன்.

“வர்றேன், சார். காலையில ஒரு தடவை ஏறினா போதும்ல?”