தெருவுக்கே ஒரு நம்பர்

எங்க பிளாக்குல மொதல்ல செல்போன் வாங்கினவ நான்தான். அந்தப் பெருமைய ரொம்ப வருஷம் சுமந்துகினு திரிஞ்சேன். இப்ப நெனச்சா வாயில அடிச்சிக்கலாம் போல கீது.

ராயபுரத்துல ஹார்பர ஒட்டின ஹவுசிங் போர்டு வூடுங்க எங்களுது. நான் ஒரு கன்டெய்னர் யார்டு கேட்டாண்ட உக்காந்து, உள்ள வர்ற வண்டி நம்பர எழுதுறவ. யார்டுல எந்நேரமும் கூப்புடுவாங்கன்னு ஒரு பட்டன் போன் வாங்கினேன். போதாததுக்கு அன்பியத்துக்கு செயலாளர் வேற. எங்க மாதா கோயில்ல ரெண்டு மூணு தெருவுக்கு ஒரு அன்பியம். வாரத்துக்கு ஒருத்தர் வூட்டுல கூடி ஜெபமாலை சொல்லுவோம். நோவு, சாவு, கல்யாணம் எதுன்னாலும் சேதி மொதல்ல செயலாளர்கிட்டதான் வரும்.

பன்னெண்டாவது படிச்சவன்னு எல்லாரோட ஃபாரமும் என் தலையில வந்து வுழும். ரேஷன் கார்டு, ஆதாரு, கேஸு, பேங்க்கு எதுவா இருந்தாலும் அதுல கைப்பேசி எண்ணுன்னு பத்து கட்டம் இருக்கும். காலியா வுட்டா கவுன்டர்ல இருக்கறவன் மூஞ்சிலயே திருப்பி வீசுவான். "உன் நம்பரையே போட்டுடுமே, நீயும் நாங்களும் வேற வேறயா"ம்பாங்க. போட்டேன். ஒரு வூடு, ரெண்டு வூடு இல்ல, பிளாக்குல பாதி குடும்பத்துக்கு அந்த நம்பர்தான். அன்பியம் போனுன்னே அதுக்குப் பேரு ஆயிடுச்சு.

மெசேஜ் வந்தா படியேறிப் போய் சொல்லுவேன். "அண்ணே, உன் கார்டுல பாமாயில் போட்டுட்டாங்களாம்." அந்தாளு கடைப் பக்கமே போயிருக்க மாட்டாரு. அப்புறம் கடைக்காரனாண்ட பெரிய சண்ட. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அனுப்பற ஓடிபிய மூணாவது மாடிலேர்ந்து நான் கத்துவேன், கீழ தண்ணி லாரியாண்ட நிக்கிறவங்க அத வாங்கி அடுத்த ஆளுக்குக் கத்துவாங்க. சிரிப்பாத்தான் இருந்துச்சு. எங்களுக்குள்ள இன்னா ரகசியம்?

எதுத்தவூட்டு அக்கா காசிமேட்டுல மீன் அறுத்துக் குடுக்கறவ. என்ன விட ஆறு வயசு மூத்தவ, புள்ள குட்டி இல்ல. என் ரெண்டாவது பிரசவத்துக்கு ஆட்டோவுல மடியில போட்டுகினு போனதும் அவதான், ஆஸ்பத்திரில ஆயாம்மாவாண்ட மல்லுக்கு நின்னதும் அவதான். அவ புருஷன் ஹார்பர்ல மூட்ட தூக்கினவரு. பேசறதே அதிசயம். என்னப் பாத்தா மட்டும், "இன்னா செயலாளரு, நாட்டு நடப்பு இன்னா"ன்னு கேப்பாரு. அவங்க ரெண்டு பேருகிட்டயும் போன் இல்ல. அக்காவுக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒரே நம்பர் என்னுது.

அப்புறம் பிளாக்க இடிச்சிட்டு புதுசா கட்டித் தரோம்னு வந்தாங்க. வூடு வூடா கணக்கெடுத்தாங்க, நான்தான் ஃபாரம் எழுதினேன். வூடு ரெடியானா போனுக்கு மெசேஜ் வரும், வந்து கைரேகை வெச்சு சாவி வாங்கிக்கலாம்னு சொன்னாங்க. அக்கா ஃபாரத்துல என் நம்பர எழுதறப்ப, சரியா எழுதினியான்னு ஒவ்வொரு எண்ணா சொல்லி அவளே சரி பாத்தா.

எல்லாரும் தெசைக்கு ஒண்ணா செதறினோம். நான் கொருக்குப்பேட்டையில வாடகைக்குப் போனேன். அக்கா அத்திப்பட்டுக்குப் போனா, அங்க அவ புருஷனுக்கு நிலக்கரி இறக்கற வேல கெடச்சுது. வெள்ளத் துணிய காயப் போட்டா சாம்பலாத்தான் எடுக்கணுமாம். போன ரெண்டு மாசத்துலயே அவளுக்கு இளைப்பு புடிச்சிக்கிச்சு. காசிமேடு தூரமாப் போனதால வேலையும் போச்சு. மாசத்துக்கு ஒரு தடவ வூட்டுக்கார அம்மா போன்ல கூப்புடுவா. "இன்னாமே, வூடு மெசேஜ் வந்துச்சா? இந்தப் புகையில கெடந்து செத்துடுவேன்டி. நம்ம வூட்டுக்கு வந்துட்டா போதும்." அவளுக்கு வேற ஆசை கெடையாது. நானும் வந்துடும்க்கா, வந்துடும்க்கான்னு சொல்லுவேன்.

இதுக்கு நடுவுல யார்டுல ஒரு புது பேஜாரு. இனிமே வருகைப் பதிவு ஆப்புலதான், மூஞ்சிய காட்டினாத்தான் சம்பளம்னு சொல்லிட்டான். தவணையில ஒரு டச் போன் வாங்கினேன். கடைக்காரன் புது சிம்மு ஒண்ணு போட்டுக் குடுத்தான், நெட்டு ஃப்ரீன்னான். பழைய சிம்ம பட்டன் போனோட பீரோவுல போட்டேன். ரெண்டுக்கும் காசு போட எனக்கு வக்கில்ல. நம்பருன்னா அது நம்ம பேரு மாதிரி, பூட்டி வெச்சாலும் நம்மளுதுதான்னு நெனச்சேன். காசு போடாம வுட்டா அத எடுத்து வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கன்னு எவன் சொன்னான்?

ஒரு நாள் போட்டுப் பாத்தா சிம்மு செத்துக் கெடக்குது. பயந்துட்டேன். அன்பியம் வாட்ஸாப் குரூப்புல உடனே எழுதினேன்: 'என் பழைய நம்பர் இப்போது இல்லை. அதைக் கொடுத்தவர்கள் எல்லோரும் போர்டு ஆபீசுக்குப் போய் மாற்றிக்கொள்ளவும்.' அதுக்குள்ள எல்லாரு கையிலயும் டச் போன் வந்துடுச்சு. ஒவ்வொருத்தரா கட்டவெரல் காட்டினாங்க. சாயங்காலத்துக்குள்ள எல்லா டிக்கும் நீலமாச்சு. எல்லாருக்கும் சொல்லிட்டோம்னு நிம்மதியா இருந்தேன். அக்கா அந்த குரூப்புல இல்ல. அவகிட்ட நேர்ல போய்தான் சொல்லணும்னு தோணாம இல்ல, தோணுச்சு. இந்த ஞாயித்துக்கெழம, அடுத்த ஞாயித்துக்கெழமன்னு தள்ளினேன், அப்புறம் மறந்தே போனேன்.

அவகிட்டேர்ந்து போன் வர்றது நின்னுச்சு. நெசத்த சொல்லிடறேன், எனக்கு அது கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்துச்சு. மாசா மாசம் அதே கேள்விக்கு அதே பதில சொல்லி அலுத்துப் போயிருந்தேன்.

ஒரு வருஷம் போச்சு. புது வூடு ரெடின்னு, போர்டு ஆபீசுல நான் மாத்திக் குடுத்த நம்பருக்கு மெசேஜ் வந்துச்சு. இருவது நாளுக்குள்ள ஆதாரோட வந்து கைரேகை வெக்கணும், வர்லன்னா ஒதுக்கீடு ரத்துன்னு போட்டிருந்தான். குரூப்பு பூரா பூவும் பட்டாசுமா பறக்குது. அக்காவுக்கும் வந்திருக்கும்னு நெனச்சேன். எந்தப் போனுக்கு வரும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதும். யோசிக்கல.

குலுக்கலுக்கு சமுதாயக் கூடத்துல பந்தல் போட்டு கூப்டாங்க. எந்தக் குடும்பத்துக்கு எந்த மாடின்னு சீட்டு எடுத்தாங்க. பழைய மூஞ்சிங்க எல்லாம் கீது, அக்கா மட்டும் இல்ல. செவுத்துல ஒட்டின லிஸ்ட்ட வெரல வெச்சிப் படிச்சுகினே வந்தேன். அவ பேருக்கு நேரா 'வரவில்லை, ரத்து'ன்னு இருந்துச்சு. ஆபீசர்கிட்ட ஓடினேன். அவரு கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு, "மூணு மெசேஜ் போயிருக்கும்மா, மூணும் டெலிவரி ஆயிருக்கு. நாங்க இன்னா பண்றது? காத்திருப்போர் பட்டியல்ல இருந்தவங்களுக்கு குடுத்தாச்சு. வேணும்னா மனு குடுங்க"ன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு. அதான் இன்னும் எரிஞ்சுது.

பந்தலுக்கு வெளிய வந்து, புது போன்லேர்ந்து என் பழைய நம்பருக்கு நானே போட்டேன். ரிங்கு போச்சு. எடுத்தது ஒரு ஆம்பள, கோயமுத்தூர் பக்கத்துப் பேச்சு. வூடு மெசேஜ் வந்துச்சான்னு கேட்டேன். "ஏதோ வூடு ஒதுக்கியிருக்கு, ஆதாரோட வாங்கன்னு வந்துச்சுங்க. எவனோ ஏமாத்தறானுங்கன்னு அழிச்சுப்போட்டனுங்க" அப்டின்னாரு. அவர எப்டி திட்டறது? முன்ன பின்ன தெரியாத மெசேஜ நம்பாதன்னுதான் ஊரே சொல்லுது. டீவிய போட்டா மூலை முடுக்கெல்லாம் போன் வந்துடுச்சு, நெட்டு வந்துடுச்சுன்றான். வந்துச்சு, யாரு இல்லன்னா? ஒரு பொம்பளையோட வூடு மட்டும் தெரியாத ஊருல யாரோ ஒருத்தரு பாக்கெட்டுல போய் வுழுந்து அழிஞ்சு போச்சு.

அந்த மனுவ குடுத்தாச்சு. அது இன்னும் எதோ ஒரு மேஜையில கெடக்குது, அக்கா இன்னும் அத்திப்பட்டுலதான் இளைச்சுகினு கீறா. அந்த மனுவுல கையெழுத்து வாங்கப் போன நாள்தான் எனக்கு இன்னமும் ஆறல.

குலுக்கலுக்கு மறுநாள் காலையிலயே கொருக்குப்பேட்டையில கும்மிடிப்பூண்டி ட்ரெயின் ஏறினேன். நான்தான் தப்பு பண்ணேன், நம்பர் போனத உன்கிட்ட சொல்லலன்னு கால்ல வுழுந்துடணும்னு வழியெல்லாம் சொல்லிப் பாத்துகினே போனேன். அத்திப்பட்டுல விசாரிச்சு விசாரிச்சு அந்த ஒத்த ரூமக் கண்டுபுடிச்சேன். அக்கா வாசல்ல உக்காந்து அரிசி பொடச்சிகினு இருந்தா. பாதி ஆளாயிருந்தா. என்னப் பாத்து எழுந்திரிக்கல, சிரிக்கவும் இல்ல. "வா"ன்னா, அவ்ளோதான்.

உள்ள போனா செவுத்துல அவ புருஷன் போட்டோ, மாலையோட. பக்கத்துல சின்னதா ஒரு செவப்பு பல்பு எரியுது. எப்பக்கான்னு கேட்டேன். எட்டு மாசம் ஆச்சுன்னா. வேலையிலேயே நெஞ்சு வலி வந்து உக்காந்தவரு எழுந்திரிக்கலியாம்.

வூட்டு விஷயத்த எப்டியோ சொல்லி முடிச்சேன். சிம்மு செத்தது, குரூப்புல எழுதினது, அவளுக்கு சொல்லாம வுட்டது, அந்தக் கோயமுத்தூர்காரரு மெசேஜ அழிச்சது எல்லாம். கத்துவா, மண்ண வாரித் தூத்துவான்னு எதிர்பாத்தேன். அவ கையில இருந்த மொறத்த கீழ வெச்சா.

"அப்போ அது உன் வூட்டு ஆளு இல்லியா?" அப்டின்னா.

யார சொல்றக்கான்னேன்.

"இவரு செத்த அன்னிக்கு மொத போன் உனக்குத்தான் போட்டேன். ஒரு ஆம்பள எடுத்தான். நான் அழுத அழுகையில அவன் இன்னா சொன்னான்னே காதுல வுழல. உன் வூட்டாண்ட யாரோன்னு நெனச்சிகினு, அவகிட்ட சொல்லுப்பா, அன்பியத்த கூட்டிகினு வரச் சொல்லு, அவ வந்தாத்தான் எடுப்போம்னேன். சரிம்மா, அழுவாதீங்க, சொல்றேன்னான். நீ வருவன்னு சாயங்காலம் நாலு மணி வரிக்கும் எடுக்காம வெச்சிருந்தோம்மே. வெயில் காலம். நாத்தம் வந்துடுச்சு, எடுங்கன்னு வூட்டுக்காரம்மா சத்தம் போட்டப்பறந்தான் எடுத்தோம். அதுக்கப்புறம் உனக்கு போனே போடல."