சம்பந்திக்கு ஒரு ரோமானியக் காப்பி

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு அடுக்களையில் ரோம சாம்ராஜ்யம் எழுந்தது. எழுப்பியவன் நான். சமையலில் எனக்குள்ள முன் அனுபவம்? வெந்நீர்.

தக்கலையிலிருந்து சம்பந்தியும் அவர் மனைவியும் வந்து, முதன்முறையாக எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். நாகர்கோவில் பக்கம் காலைச் சாப்பாட்டுக்கே 'காப்பி' என்றுதான் பெயர். பெண் வீட்டார் போடும் முதல் காப்பி எப்படி என்பதை, சம்பந்தி ஊரில் அடுத்த ஆராதனை முடிவதற்குள் சபை மொத்தமும் பேசித் தீர்த்துவிடும். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு அந்தக் கவலை. எனக்கு? ரோமானியர்களின் உணவைப் பற்றி அப்போதுதான் படித்து முடித்த மிதப்பு.

"மொதமொதல்ல வந்திருக்காவ. புட்டும் பயறும் வைப்போம். உங்க ஆராய்ச்சிய நாளைக்கு வச்சுக்கிடுங்க."

"நீ சும்மா இரி. இப்படியொரு காப்பிய அவிய ஜென்மத்துல குடிச்சிருக்க மாட்டாவ."

"அதத்தான் நானும் பயப்படுதேன்."

ரோமானியர்கள் காலையில் ரொட்டியைத் திராட்சை ரசத்தில் முக்கித் தின்பார்களாம். சர்ச்சுக்குப் போய்த் திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்க வேண்டிய நாளில் அது சரிப்படுமா? தள்ளுபடி. அடுத்தது எளிது. முட்டையைப் பாலில் அடித்து, மெல்லிசாகச் சுட்டு, மேலே தேன் ஊற்றி, மிளகுப்பொடி தூவ வேண்டும். தேன், மார்த்தாண்டத்துத் தேன். மிளகோ, அந்தக் காலத்தில் நம் கரையிலிருந்து அவர்களுக்குக் கப்பலேறிப் போனது. இதில் தோற்க வழியே இல்லை!

முதல் முட்டை சட்டியோடு ஐக்கியமானது. இரண்டாவது, புத்தகத்துப் படத்தில் இருந்த மாதிரியே வந்தது. சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டு, சின்னத் தட்டில், ஸ்பூனோடு வைத்தேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. முதலில் நாக்கு தீர்ப்புச் சொல்லட்டும்... வரலாறு பிறகு.

சம்பந்தி தட்டைப் பார்த்தார். அவர் மனைவி மோந்து பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பந்தி கண்ணை இறுக மூடி, ஒரே வாயில் விழுங்கி, அதன் மேல் தண்ணீர் குடித்தார். அந்த அம்மாளும் அப்படியே.

"எப்படி அத்தான்?" என்றேன். எங்கள் பக்கம் சம்பந்திகள் ஒருவருக்கொருவர் அத்தான், மைனிதான்.

"நல்லதாக்கும். நெஞ்செல்லாம் லேசானது மாதிரி இருக்கு."

நான் ஸ்டெல்லாவைப் பெருமையாகப் பார்த்தேன். ஆனால் இருவரும் எழுந்திருக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலையே பார்த்தபடி இருந்தார்கள். கடைசியில் அந்த அம்மாள் தணிந்த குரலில் கேட்டார்:

"மைனி, ராத்திரி இவிய இருமினது உங்களுக்குக் கேட்டுட்டோ? வெறும் வயித்துல மருந்து தந்திருக்கிய... இனி எம்புட்டு நேரம் கழிச்சு காப்பி குடிக்கலாம்?"

சீசர்களை எல்லாம் வரிசையாக அழைத்து வர நான் வாயைத் திறந்தேன். மேஜைக்குக் கீழே ஸ்டெல்லாவின் கால் என் காலை மிதித்தது.

"அரை மணிக்கூர் போவட்டு மைனி," என்றாள். புட்டு அவிய அது போதும்.

புட்டும் பயறும் பப்படமும் பழமும் இறங்கிய பிறகு சம்பந்தி கைகழுவியபடி சொன்னார்: "புட்டு எல்லா வீட்லயும் தருவாவ அத்தான். ராத்திரி இருமினா காலைல மருந்தோட நிக்குத வீடு எங்க உண்டு? ஊருல போய்ச் சொல்லுவேன்."

சொல்லிவிட்டாராம். ஸ்டெல்லாவுக்குப் போனில் செய்தி வந்தது.

ரோமானியர்கள் பாதி உலகத்தைப் பிடித்தார்களாம். இருக்கட்டும்... தக்கலையைப் பிடித்தது நான்!