மாரிச்செல்வி பின்னிய முதல் குல்லா

இலஞ்சி கோயில் வாசலில் மாரிச்செல்வியிடம் பிச்சிப்பூ வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவள் கட்டிய சரத்திலிருந்து ஒரு பூ உதிராது. நாரைச் சுற்றி, விரலால் ஒரு சுண்டு சுண்டி இழுப்பாள். பூவுக்கே மூச்சு முட்டும். பதினாறு வருஷக் கை அது. சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கையை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இந்த ஆனி மாதம் அதே கையைக் கண்டு அவளே பயந்தாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டான பிள்ளை. ஏழாம் மாசமே அவசரப்பட்டு வந்துவிட்டது. பெண் பிள்ளை, ஒரு கிலோ இருநூறு. சாயங்காலம் கூடையில் மிஞ்சுகிற பூ அதைவிடக் கனக்கும். தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. பக்கத்து அறையில் தாய்மார்கள் இருக்க இடம். நடுவில் ஒரு பெரிய கண்ணாடி. மாரிச்செல்வி அந்தக் கண்ணாடியோடு நெற்றியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பத்தாம் நாள் டாக்டர், "இனிமே பிள்ளைய தினமும் உங்க நெஞ்சோட சேத்து வைக்கணும்மா, உங்க சூட்டுலதான் தேறும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவள் தலையாட்டினாள். ஆனால் நர்ஸ் ஜெயசித்ரா வந்து கூப்பிட்டபோது ஏதேதோ சாக்குச் சொன்னாள். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் ஜெயசித்ரா கதவைச் சாத்திக்கொண்டு கேட்டே விட்டாள்.

"ஏட்டி, ஒனக்கு என்னதான் பிரச்சினை?"

"சிஸ்டர், கனவு வருது. பூ கட்டிக்கிட்டே இருக்கேன். குனிஞ்சு பாத்தா பூ இல்ல, பிள்ளையோட கை. நாரைச் சுத்தி இழுத்திருக்கேன்." இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "என் கை முரடு. இறுக்கிப் பிடிச்சிருவேன்."

ஜெயசித்ரா ஆலங்குளத்துக்காரி, இவள் வயசுதான். ஆறுதலெல்லாம் அவளுக்குச் சொல்ல வராது. கோத்தகிரியில் வேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்டது ஒன்று இருந்தது. மறுநாள் மஞ்சள் உல்லன் நூலும் இரண்டு ஊசியும் கொண்டுவந்து மடியில் போட்டாள்.

"கடைக் குல்லா எல்லாம் ஒம்மவளுக்கு மூக்கு வரைக்கும் எறங்குது. சும்மாதான இருக்க, நீயே ஒண்ணு பின்னு."

ஊசியில் ஐம்பது கண்ணி, அதாவது நூல் வளையம், ஏற்றிக் கொடுத்து, ஊசியை நுழைத்து நூலை எடுக்கிற வித்தையையும் காட்டினாள். இதென்ன பிரமாதம் என்று மாரிச்செல்வி தொடங்கினாள். ஒவ்வொரு கண்ணிக்கும் வழக்கம்போல ஒரு சுண்டு. இரண்டாம் வரிசையில் ஊசி நுழையவே மாட்டேன் என்றது.

"அடப்பாவி! நூலைக் கொலையா பண்ணுத? விடுட்டி."

"விட்டா அவுந்துராதா?"

"அவுறாது. ஒரு கண்ணிக்குள்ள இன்னொரு கண்ணி உக்காந்திருக்கு. ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிடும். நீ பிடிக்க வேண்டாம்."

சொன்னால் கை கேட்கவா செய்யும்? பிரித்தாள், பின்னினாள், பிரித்தாள். இரண்டு நாளில் விரல் நீளத்துக்கு விறைப்பாக ஒன்று தேறியது. கஞ்சி கொண்டுவந்த அவள் புருஷன் விஜய்பாண்டி அதைத் தூக்கிப் பார்த்து, "இது என்னட்டி, பாத்திரம் தேய்க்கவா?" என்றான். பிள்ளை பிறந்த பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதும் விட்டாள்.

அதையும் பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். வெளியே சாரல் பிடித்திருந்தது. ஜன்னலில் மலையே தெரியவில்லை. மேகம் இறங்கிப் பாதி ஊரை மூடியிருந்தது. பெய்கிறதா நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாத மழை. உள்ளே பெட்டிகளின் மெல்லிய இரைச்சல், மருந்து வாசனை, ஊசியோடு ஊசி உரசும் சின்னச் சத்தம். எத்தனையாவது கண்ணி என்ற எண்ணிக்கை நழுவிப் போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் மூச்சும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது. விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்பதே தெரியாத ஒரு சுகம். எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ, யார் கண்டார்கள்!

குனிந்து பார்த்தபோது ஊசியில் நாலு விரல் அகலத்துக்கு மஞ்சள் தொங்கியது. தொட்டால் மெத்தென்று அமுங்கியது. நடுவில் ஒரு கண்ணி தவறி ஓட்டை விழுந்திருந்தது. மற்றதெல்லாம் அப்படியே நின்றது. இதைப் பின்னியது யார் என்று அக்கம்பக்கம் பார்த்தாள், பைத்தியக்காரி.

ஓரம் சேர்த்துத் தைத்து, உச்சியைச் சுருக்கி, வெந்நீரில் அலசினார்கள். சாரல் காலத்தில் எது காய்கிறது? ஃபேனுக்கு அடியில் ஒன்றரை நாள் கிடந்தது. பிள்ளை தலையில் மாட்டியபோது ஓட்டை சரியாகக் காதோரம் வந்தது.

"வா, உக்காரு" என்றாள் ஜெயசித்ரா. இந்தத் தடவை மாரிச்செல்வி சாக்குச் சொல்லவில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நெஞ்சின்மேல் வெதுவெதுவென்று ஒரு சின்னக் கனம் வந்து படுத்தது.

"கையை எங்கன வைக்க?"

"முதுகுல. சும்மா வை."

வைத்தாள். உள்ளங்கைக்குள் பிள்ளையின் முதுகு முழுவதும் அடங்கிவிட்டது. அது ஒரு தடவை நெளிந்து, பெருமூச்சு விட்டு, தூங்கிப்போனது. அவளும் அசையவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து ஜெயசித்ரா வந்தாள். "நேரம் ஆச்சுட்டி. தா, பெட்டிக்குள்ள வைக்கணும்." பிள்ளையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிள்ளையின் அவ்வளவு சின்னக் கை, மாரிச்செல்வியின் தாலிக் கயிற்றைக் கெட்டியாகப் பற்றியிருந்தது.

"விடு மாரி" என்றாள் ஜெயசித்ரா, அதைக் கவனிக்காமல்.

மாரிச்செல்வி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"நான் பிடிக்கல சிஸ்டர். அவதான் பிடிச்சிருக்கா."