ஜூலை முதல் தேதிக்காரர்கள்

துவைத்த துணியை மடிப்பது கணவரின் வேலை. மடித்ததைப் பிரித்து இன்னொரு தடவை மடிப்பது மனைவியின் வேலை. கணவர் பேருந்துப் பணிமனையில் இருபத்தெட்டு வருடம் இன்ஜின் கழற்றிப் பூட்டியவர். அந்தக் கை மடித்த சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. இருந்தாலும் மனைவி பிரிப்பார்.

"ஏம்மா, நான் மடிச்சா சட்டை கோவிச்சுக்குமா?"

"உள்ள பட்டன் ஒண்ணு தொங்கிட்டுக் கிடந்தா உங்களுக்குத் தெரியுமா? ஒரு தடவை பாத்துட்டா நிம்மதி."

கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறார். அப்படி ஒரு பட்டனும் அகப்பட்டதில்லை. அதற்காக அவர் சலித்துக்கொண்டதும் இல்லை.

அலுவலகத்தில் அவருக்கு 'மறுபடியம்மா' என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் "என்ன?" என்று திரும்பிப் பார்ப்பார். நகரத் தேர்தல் அலுவலகத்தில் வாக்காளர் பட்டியல் பிரிவு. மேசையில் இரண்டு மூக்குக் கண்ணாடிகள், திரைக்கு ஒன்று, தாளுக்கு ஒன்று. படிக்கிற வரிக்குக் கீழே வைத்து நகர்த்த ஒரு மர அடிக்கோல். பக்கத்தில் ஆறிப்போன டீ. சூடாக இருக்கும்போது அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை.

ஊர்க்காரர்களை அவர் வரிசை எண்ணால்தான் ஞாபகம் வைத்திருக்கிறார். காய்கறிக் கடையில் யாரோ ஒரு அம்மாளை மடக்கி, "பகுதி ஏழு, முந்நூத்திப் பன்னெண்டு நீங்கதானே? வீடு மாறினீங்களே, விலாசம் மாத்தினீங்களா?" என்பார். அந்த அம்மாள் கையில் எடுத்த தக்காளியோடு திருதிருவென்று விழிப்பார். கணவர் இரண்டு கடை தள்ளிப் போய் நின்றுகொள்வார், இவரை முன்னே பின்னே பார்த்ததே இல்லை என்பதுபோல.

அவருக்குச் செல்லமான கூட்டம் ஒன்று அந்தப் பட்டியலில் உண்டு. பழைய பேரேடுகளிலிருந்து கணினிக்கு மாற்றிய காலத்தில், பிறந்த தேதிக் கட்டம் காலியாக இருந்தால் இயந்திரம் ஏற்றுக்கொள்ளாது. தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜூலை முதல் தேதி என்று போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அடையாள அட்டையிலும் அதே தேதிதான். அப்படி ஒரே நாளில் பிறந்தவர்கள் நானூற்றுப் பதினேழு பேர். மூத்தவருக்குத் தொண்ணூற்று நாலு வயது. "என் பிள்ளைங்க" என்பார் மறுபடியம்மா. யாராவது இறந்துபோனால் அவரே பெயர் நீக்கி, அன்று முழுக்க எல்லாரிடமும் சிடுசிடுவென்று இருப்பார். காலையில் வந்ததும் முதல் வேலை, இந்தக் கூட்டத்தை எண்ணிப் பார்ப்பது. தேடு கட்டத்தில் தேதியைப் போட்டு ஒரு தட்டு. "எல்லாரும் இருக்காங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பையைத் தொங்கவிடுவார்.

வாக்குப்பதிவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, அப்படித் தட்டியதில் இரண்டு பேர்தான் வந்தார்கள்.

இன்னொரு தடவை தட்டினார். இரண்டு. கண்ணாடியை மாற்றினார். இரண்டேதான். பை தோளிலேயே இருந்தது. பீரோவைத் திறந்து போன மாதம் அச்சடித்த பட்டியலை இழுத்துப் போட்டு, அடிக்கோலை வைத்து வரி வரியாக இறங்கினார். தொண்ணூற்று நாலு வயதுப் பெரியவர் திரையில் மார்ச் பத்தொன்பதில் பிறந்திருந்தார். செருப்புத் தைப்பவர் நவம்பரில். பக்கத்து வரிகளைப் பார்த்தார். ஜூலைக்காரர்கள் மட்டுமில்லை, முக்கால்வாசி ஊரின் பிறந்த தேதியும் மாறியிருந்தது. ஒன்றுகூட அபத்தமான தேதி இல்லை. தனியாகப் பார்த்தால் எதிலும் குறை சொல்ல முடியாது.

அவர் முகத்தில் அப்போது வந்ததைப் பயம் என்று சொல்ல முடியாது. கணினிப் பிரிவுக்காரர் பிற்பாடு சொன்னார்: "அக்கா கண்ணு ரெண்டும் மின்னுச்சு. லாட்டரி விழுந்துடுச்சோன்னு நினைச்சேன்."

"தம்பி, எவனோ உள்ள வந்திருக்கான். வாங்க, ஓடியாங்க!"

"என்னக்கா, மறுபடியுமா?"

"கிண்டலெல்லாம் அப்புறம். என் பிள்ளைங்க நானூத்திப் பதினஞ்சு பேரைக் காணோம்."

கணினிக்காரர் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் அவருடைய கழுத்தோரம் வியர்த்திருந்தது. "வெளியில இருந்துதான்க்கா. அஞ்சாறு ஊரைச் சுத்தி வந்திருக்கான். நம்ம கண்ணுக்குத் தெரியற கடைசி வாசல் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"கெட்டிக்காரப் பய! பேரை நீக்கியிருந்தா அன்னிக்கே கூச்சல் கிளம்பியிருக்கும். தேதியை மாத்திட்டான். சாவடியில அட்டையைக் காட்டினா தேதி ஒத்துப்போகலன்னு மெஷின் சிவப்பு விளக்கு போடும், திருப்பி அனுப்பிடுவாங்க. பத்து பேரைத் திருப்பினா ஊரே சண்டைக்கு வந்துடும். இவன் அங்க உக்காந்து வேடிக்கை பாப்பான்." மூச்சு வாங்கிக்கொண்டு, "ஜூலைல இத்தனை பேரு எதுக்குப் பொறந்தாங்கன்னு மட்டும் அவனுக்குத் தெரியல பாருங்க!" என்று மேசையில் அறைந்தார். டீ சிந்தியது.

"பழைய நகல் பத்திரமா இருக்குக்கா. ரெண்டு மணி நேரத்துல ஏத்திடலாம்."

"ஏத்துங்க. யாரு சாவியில உள்ள வந்தான்?"

கணினிக்காரர் அதிகாரியின் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

அதிகாரி நல்ல மனிதர். யாருடைய விடுப்பையும் மறுக்காதவர். 'எங்கள் அலுவலகப் பட்டியல் முழுப் பாதுகாப்புடன் உள்ளது' என்று போன வாரம்தான் கையெழுத்துப் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு, 'பட்டியல் சரிபார்ப்பு, மிக அவசரம்' என்று தலைமை அலுவலகத்தின் பெயரில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. கேட்ட இடத்தில் கடவுச்சொல்லைப் போட்டிருக்கிறார்.

மறுபடியம்மா விஷயத்தைச் சொல்லி முடித்தபோது அதிகாரி தன் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம பட்டியலைத்தான் சரி பண்றீங்களேம்மா. ஓட்டு முடியட்டும். நானே நிதானமா எழுதி அனுப்பறேன்."

"அந்த மெயில் நமக்கு மட்டுமா சார் வந்திருக்கும்? எல்லா ஊருக்கும் போயிருக்கும்."

"அவங்கவங்க ஊரை அவங்கவங்க பாத்துக்குவாங்க."

"எதை வச்சு சார் பாப்பாங்க? எனக்கே காலையில என் பிள்ளைங்களை எண்ணினதுலதான் தட்டுப்பட்டது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லா ஊர் இணைப்பையும் இப்பவே நிறுத்துவாங்க. நான் சொன்னா, மனுவா எழுதிக் குடுன்னுவாங்க."

"இப்ப சொன்னா, நான்தான் கதவைத் திறந்துவிட்டேன்னு ஆயிடுமேம்மா. அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிற நேரத்துல..."

"'ஆயிடும்' இல்ல சார். ஆயிடுச்சு."

அதிகாரி பேனா மூடியைக் கீழே போட்டார். அது உருண்டு மேசைக்கடியில் போனது. இரண்டு பேரும் குனியவில்லை.

"இத்தனை வருஷத்துல என் மேல ஒரு புகார் உண்டாம்மா?"

"கிடையாது சார். அதனாலதான் நீங்க சொன்னா நம்புவாங்க."

மறுபடியம்மா மேசைத் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார். தலைமை அலுவலகத்து எண்ணைப் பார்க்காமலே அழுத்தினார். ஒலிபெருக்கிப் பொத்தானையும் அழுத்தி, தொலைபேசியைத் திருப்பி, அதிகாரியின் மார்புக்கு நேராக நகர்த்தி வைத்தார். மறுமுனையில் மணி அடித்தது.

"அம்மா, நீங்களே பேசிடுங்களேன்... நான் என்னன்னு ஆரம்பிக்கிறது?"

மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்கள். "சொல்லுங்க, யார் பேசறது?" என்று ஒரு பெண் குரல் அறை முழுக்கக் கேட்டது. மறுபடியம்மா அதற்குள் எழுந்து கதவருகே போயிருந்தார். அதிகாரி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியம்மா வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.