கறை அக்காவின் முதல் பேருந்து

கறை அக்கா முதன்முதலில் எங்கள் கதவைத் தட்டியது சண்டை போடத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நான் மேளத்தை மடியில் வைத்து வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தால், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி ஓர் அம்மாள் நிற்கிறார்.

"மேல ஒரு மனுஷன் ராத்திரி பூரா முழிச்சிட்டு இப்பத்தான் கண்ண மூடியிருக்காரு. தட்டியே ஆகணும்னா உங்க தலையில தட்டிக்கோங்க" என்றார்.

நான் சும்மா இருப்பேனா? எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். பதிலுக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கண் என் சட்டைக்குப் போய்விட்டது.

"இது என்ன, கிரீஸா?"

"ஆமா. டயர் கடையில வேல."

"கழட்டுங்க."

எங்கள் கூட்டத்தில் பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, வாயைப் பொத்திக்கொண்டு கழற்றிக் கொடுத்தேன். மறுவாரம் அந்தச் சட்டை தேய்த்து மடித்துத் திரும்பி வந்தது. கிரீஸ் இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து அவருக்குக் கறை அக்கா என்று பெயர். நான் வைத்த பெயர்தான், அவருக்கும் பிடித்துப்போயிற்று.

எங்கள் கூட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது ஒரு பழைய செருப்புக்கடையில். வாடகைக்கு எடுத்தபோது வெளிப்பலகையைக் கழற்ற ஏணி இல்லை. ஏணி வந்தபோது கழற்ற மனம் இல்லை. ஆகவே எங்கள் பெயரே செருப்புக்கடை என்றாகிவிட்டது. இன்றும் யாராவது உள்ளே வந்து காலை நீட்டி அளவு கேட்பார்கள். உட்காரவைத்து ஒரு தட்டு சோறு போட்டு அனுப்புவோம். செருப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்த தட்டுகளில் இப்போது சாயக் குப்பிகள், கரண்டிகள், என் மேளம், ஊர்வலத்துக்குப் பிடிக்கும் அட்டைகள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன.

பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்தவர்கள் நாங்கள். வார நாட்களில் ஆளுக்கொரு வேலை. வார இறுதியில் கூடிச் சமைப்போம், பாடுவோம், படம் வரைவோம். தெருவில் யாருக்காவது ஒரு வம்பு என்றால் அதையும் கையில் எடுத்துக்கொள்வோம். வீடுகளுக்குச் சுண்ணாம்படிக்கிற ஒருவர் எங்களுக்கு ஓவியர், அவர் சுவர் அண்ணன். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ஒரு பெண் எங்களுக்குப் பாடகி. கையில் ஒலிவாங்கி கிடைத்தால் பிடுங்கித்தான் வாங்கவேண்டும் என்பதால் அவர் பெயர் மைக்.

கறை அக்கா பாடவும் இல்லை, வரையவும் இல்லை. "அதெல்லாம் உங்க வேல. எனக்கு அடுப்பு போதும்" என்று பின்பக்கத்துச் சமையலறையைப் பிடித்துக்கொண்டார். அவர் வைக்கிற குழம்பு வாசத்துக்கே பாதிக் கூட்டம் கூடியது. இதை மைக்கிடம் சொன்னால் மைக்குக்கு வருத்தம் வரும், இருந்தாலும் உண்மை உண்மைதான். சாப்பாடு முடிந்ததும் எங்கள் சட்டை, மேசைத்துணி எல்லாவற்றையும் பார்வையிடுவார். கறை இருந்தால் மூட்டை கட்டி, தான் வேலை செய்கிற ஓட்டல் சலவைக்கூடத்துக்கு எடுத்துப்போவார். அங்கே மேற்பார்வையாளர் ஒரு பழைய இயந்திரத்தை அவருக்கு விட்டுவைத்திருந்தார்.

அந்த ஓட்டல் மலைமேல் இருக்கிறது. விடிவதற்கு முன்னால் புறப்படும் முதல் பேருந்தை விட்டால் அங்கே போய்ச் சேர வழியில்லை. அக்காவின் கணவர் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் இரவுக் காவல். அவர் அதே பேருந்தில் வந்து எங்கள் தெருவில் இறங்குவார். அதே வாசலில் அக்கா ஏறுவார். வீட்டுக்கு இருப்பது ஒரே சாவி. இன்னொன்று எப்போதோ தொலைந்து, பிறகு செய்யவே இல்லை. இறங்குகிறவர் கையை நீட்டுவார், ஏறுகிறவர் சாவியைக் கொடுப்பார். "குழம்ப சுட வச்சு சாப்பிடுங்க" என்பார் அக்கா. "முட்டிய பாத்துக்கோ" என்பார் அவர். ஓட்டுநர் அதுவரை கதவை மூடமாட்டார். சாயங்காலம் அக்கா திரும்புவதற்குள் அவர் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பியிருப்பார். வாரத்தில் ஆறு நாள் அந்தப் புருஷன் பெண்டாட்டி நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது அந்தப் பேருந்து வாசலில்தான்.

அந்தப் பேருந்தைத்தான் நிறுத்தப் போவதாக நிறுத்தத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ஆள் ஏறுவதில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருட்டில் ஏறுகிறவர்கள் எல்லாம் ஆள் இல்லையா? அக்கா கத்தவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு, "இது போச்சுன்னா என் வேலையும் போச்சு. அடுத்த பஸ் வர்றதுக்குள்ள அங்க பாதித் துணி துவைச்சு முடிச்சிருப்பாங்க" என்று மட்டும் சொன்னார்.

ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினோம். போக்குவரத்து அலுவலகத்தில் மக்கள் கருத்தைக் கேட்க ஒரு நாள் குறித்திருந்தார்கள். சுவர் அண்ணனுக்கு ஒரு யோசனை. நீளமான வெள்ளைத் துணி ஒன்றை மேசையில் விரித்தார். நடுவில் எங்கள் தெருவையும் மலையையும் வரைந்தார். முதல் பேருந்தில் போகிற ஒவ்வொருவரும் சாப்பிட வரும்போது, தன் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியை அதில் ஒரு கோடாக வரையவேண்டும். ரொட்டிக்கடைக்காரர் வரைந்தார், கூட்டுகிறவர்கள் வரைந்தார்கள், பள்ளிக்கூடத்து ஆயா வரைந்தார். வாரத்துக்கு வாரம் கோடுகள் கூடின. குழம்பும் ரசமும் சிந்தின. ஒவ்வொரு முறையும் துணியைச் சுருட்டி மேல்தட்டில் வைத்துவிடுவோம். பார்க்கவே அத்தனை அழகு. அலுவலகச் சுவரில் இதைத் தொங்கவிட்டால் எவன் ஆள் இல்லை என்பான்?

கருத்துக் கேட்பதற்கு முந்தின வார இறுதியில் மைக் எல்லோரிடமும், "வர்ற வாரம் இந்தத் துணிய ஆபீஸுக்கு எடுத்துட்டு போயி விரிக்கணும், யாரும் மறந்துராதீங்க" என்று கூவினார்.

குறித்த நாள் காலை கடையில் கூடினோம். அன்று விடுப்பு எடுத்திருந்த அக்கா குழம்புப் பாத்திரத்தோடு இறங்கி வந்தார். கூடவே அவர் கணவரும் தூக்கக் கண்ணோடு வந்தார். சுவர் அண்ணன் ஏணியில் ஏறி மேல்தட்டைத் துழாவினார். துணி இல்லை.

"இத தேடுறீங்களா?" என்று அக்கா பையிலிருந்து எடுத்தார். வாயெல்லாம் பல்.

கத்தி முனைபோல மடிப்பு. பால் போல வெள்ளை. விரித்துப் பார்த்தோம். ஒரு கோடு இல்லை, ஒரு தெரு இல்லை, மலை இருந்த இடத்தில் மலை இல்லை. சுவர் அண்ணன் முகத்தில் ஈ ஆடவில்லை. ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாவிங்களா, எத்தன வாரமா கறையோட சுருட்டி வைக்கிறீங்கன்னு பாத்துட்டேதான் இருந்தேன்" என்றார் அக்கா. "பெரிய ஆபீஸருக்கு இலையில்லாம சோறு போட்டாலும் அழுக்குத் துணியிலயா போடுறது? மூணு தடவ ஊறவச்சேன்."

சோறு போடுவதற்கு விரிக்கிற துணி என்று நினைத்திருக்கிறார். எங்கள் கூட்டத்தில் வேறென்ன நினைப்பார்? நாங்கள் துணியை எங்கே விரித்தாலும் அதன்மேல் பாத்திரம் வந்து உட்காருவதுதான் வழக்கம். பிள்ளைகள் எழுதுகிற பேனாவால் வரைந்த கோடுகள், அக்காவின் இயந்திரத்துக்கு எந்த மூலைக்கு?

மைக் மெல்ல விஷயத்தைச் சொன்னார். அக்காவின் சிரிப்பு அப்படியே வற்றிவிட்டது. "என் பஸ்ஸ நானே துவைச்சுட்டேனா?" என்றார். எனக்கு அவரைத் திட்டவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

அவர் கணவர்தான் எங்களைப் பார்த்து அமைதியாகக் கேட்டார். "அது வரைபடம்னு அவகிட்ட யாராவது சொன்னீங்களா?"

ஒவ்வொரு வாரமும் சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் வாய் வலிக்க விளக்கியிருக்கிறோம். சமையலறைப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

வேறு வழியில்லாமல் வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். முதல் பேருந்தில் போகிறவர்கள் ஏற்கெனவே அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். நீண்ட அறை, வரிசையாக நாற்காலி, மூலையில் தண்ணீர் இயந்திரம், நடுவில் ஒரு பெரிய மேசை. அதிகாரி ஒரு பெண்மணி, மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, காட்ட என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். மைக்குக்குக்கூட நாக்கு எழவில்லை. அதைப் பார்க்க நான் எத்தனையோ நாள் ஆசைப்பட்டதுண்டு, அன்று பார்த்துத் தொலைத்தேன்.

சுவர் அண்ணன் துணியை மேசையில் விரித்து, பையிலிருந்த பேனாக்களைக் கொட்டினார். "வந்தவங்க இப்பவே வரையட்டும்" என்றார். யோசனை என்னவோ நல்ல யோசனைதான். ஆனால் ஒருவரும் கை வைக்கவில்லை. அத்தனை சுத்தமாக இருந்தது அது. ரொட்டிக்கடைக்காரர் பேனாவை எடுத்தார், துணியைப் பார்த்தார், கீழே வைத்தார். கூட்டுகிற அம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்கா குழம்புப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு வந்தார். நீலப் பேனா ஒன்றை எடுத்து, கரண்டி பிடிப்பதுபோலப் பிடித்தார். ஒரு நொடி தயங்கினார். தான் மூன்று தடவை ஊறவைத்த துணியில், நடுவாகப் பார்த்து, அழுத்தி ஒரு கோடு இழுத்தார். கீழேயிருந்து மலைக்கு. மை பரவியது. அதைப் பார்க்க அவருக்கே பொறுக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் நிறுத்தவில்லை. இன்னொரு பேனாவால், நகரத்திலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு சிவப்புக் கோடு. இரண்டும் தொடுகிற இடத்தில் கோணல்மாணலாக ஒரு சாவி.

அதிகாரி எழுந்து வந்து அது என்னவென்று கேட்டார். அக்கா தமிழில் சொன்னார். மைக் மொழிபெயர்த்தார், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்காமல்.

"இங்கதான் எங்க வீட்டுக்காரர் இறங்குவாரு. நான் ஏறுவேன். சாவிய குடுப்பேன். நாங்க பாத்துக்கிறது அவ்வளவுதான்."

அதிகாரி சற்றே சிரித்து, இன்னொரு சாவி செய்துகொள்ளலாமே என்றார்.

"செஞ்சா இந்த மனுஷன் இறங்கி நேரா போயி படுத்துருவாரு" என்றார் அக்கா. அறை முழுக்கச் சிரித்தது. பின்வரிசையிலிருந்து அவர் கணவர், "நிப்பேன்" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

அதன்பிறகு பேனா போதவில்லை. துணி ஏற்கெனவே கெட்டுவிட்டதல்லவா, எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது. ஒருவர் முதுகுக்கு மேல் ஒருவர் குனிந்து வரைந்தார்கள், எனக்கு முந்தி உனக்கு முந்தி என்று தள்ளிக்கொண்டார்கள். ஆள் ஏறாத பேருந்தின் ஆட்கள் அந்த அறையில் நெரிந்தார்கள். நான் மேளத்தை எடுத்தேன், காவலாளி வேண்டாம் என்று கைகாட்டினார், வைத்துவிட்டேன். சோறும் குழம்பும் அந்தத் துணிமேலேயே பரிமாறப்பட்டன. அதிகாரி தட்டிலிருந்து ஒரு சொட்டு மலையடிவாரத்தில் விழுந்தது. அக்காவின் கை தானாகத் துணி விளிம்புக்குப் போனதை நான் பார்த்தேன். கணவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

சில வாரங்களில் முடிவு வந்தது. பேருந்து ஓடும், ஞாயிறு மட்டும் கிடையாது. அக்கா வீட்டுக்காரர் அன்று அடுத்த பேருந்தில் வந்துகொள்வார், அக்காவுக்கோ ஞாயிறு விடுமுறைதான். ஆனாலும் ரொட்டிக்கடைக்காரருக்கு வேலை உண்டே என்று பொருமிக்கொண்டிருக்கிறார். அடுத்த வம்பு அதுதான். இந்தத் தடவை திட்டம் போடுகிற கூட்டத்தைச் சமையலறையிலேயே வைக்கிறோம். வெங்காயம் உரித்துக்கொண்டே பேசவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

துணி இப்போது செருப்புக்கடைச் சுவரில் தொங்குகிறது. வந்து போகும்போதெல்லாம் அக்கா அதன்முன் நின்று, அந்தக் குழம்புச் சொட்டை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். "இது ஒண்ண மட்டும் எடுத்துரட்டுமா?" என்பார். எல்லோருமாகக் கத்துவோம்.

மைக் தன் செலவில் அவர்களுக்கு இன்னொரு சாவி செய்து, சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தார். அக்கா ரொம்ப நன்றி என்று வாங்கிக்கொண்டார். போன வாரம் பருப்பு எடுக்க அவர் வீட்டுச் சமையலறைக்குப் போனேன். பருப்பு டப்பாவின் அடியில் அந்தச் சாவி கிடந்தது, நூல்கூட அவிழ்க்காமல். நான் அதைப் பார்த்ததை அக்காவும் பார்த்தார்.

"மூடி வை" என்றார். "எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லாத."