கருப்புத் திரையில் பிள்ளையார் சுழி

பட்டுப் புடவைக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் என்பதால், கம்ப்யூட்டர் எந்த நேரத்தில் கோபித்துக்கொள்ளுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதற்காகவே எந்த ஃபைலுக்குப் பெயர் வைத்தாலும் முன்னால் ஒரு ‘உ’ போட்டுவிடுவேன். பழைய கம்ப்யூட்டர் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

புதுக் கம்ப்யூட்டர் வந்த வாரம், பக்கத்துத் தெரு நெசவாளர் பென்டிரைவோடு வந்து என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார். சொந்த மகளுக்கு முகூர்த்தப் புடவை. முதலாளியின் ஆர்டர்களுக்கு நடுவே அந்த வாரம் மட்டும்தான் அவர் தறி காலி. டிசைன் அன்றைக்குக் கிடைக்காவிட்டால் மகள் கடைப் புடவையைத்தான் கட்ட வேண்டும்.

வரைந்த படத்தைத் தறிக்குப் புரிகிற மாதிரி மாற்ற, கருப்புத் திரையில் மென்பொருளின் பெயரையும் அடுத்து ஃபைல் பெயரையும் அடித்து என்டர் தட்ட வேண்டும். தட்டினேன். அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது. பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி வேறு. கேள்விக்குறியைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பரீட்சை ஞாபகம்தான். பதில் எதிர்பார்க்கிறதோ என்னவோ என்று, ஆமாம் என்பதற்கு ‘யெஸ்’ அடித்துப் பார்த்தேன். அதற்கும் திட்டியது.

“தறியில பாவு நூலெல்லாம் ஏத்திட்டு வந்திருக்கேன்பா. என்னாதான் சொல்லுது அது?”

“என்னைக் கேள்வி கேட்டுக்கினு இருக்குதுண்ணா.”

மென்பொருள் செய்துகொடுத்த சென்னைப் பெண்ணுக்குப் போன் போட்டு, இருவரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

“பேர்ல தமிழ் எழுத்து எதனா இருக்குதாண்ணா?”

“சத்தியமா இல்லம்மா. எல்லாம் இங்கிலீஷ்தான்.”

“கேள்விக்குறி எங்க வருது?”

“ஆரம்பத்துல.”

“ஆரம்பத்துல என்னா அடிச்சீங்க?”

“ஒண்ணும் அடிக்கலையேம்மா. புள்ளையார் சுழி மட்டும்தான் போட்டேன்.”



“அண்ணா, அதுவும் எழுத்துதாண்ணா.”

பழையது லினக்ஸாம், எதைக் கொடுத்தாலும் அப்படியே வாங்கிக்கொள்ளுமாம். புதுசு விண்டோஸ். அதில் இந்த மென்பொருளுக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் போய்ச் சேருமாம். வேறு எது வந்தாலும் கேள்விக்குறியாகிவிடும். பிறகு அந்தக் கேள்விக்குறிப் பெயரைத் தேடினால் ஃபைல் எப்படிக் கிடைக்கும்?

“சுழியை எடுத்துடுங்க, ஓடும்.”

கை வரவில்லை. நெசவாளர் போனைப் பார்த்துக் கத்தினார்: “கல்யாணப் புடவைம்மா! புள்ளையாரைத் தூக்கிட்டு எப்படிம்மா நெய்யறது?”

“பேர்லதாண்ணா கூடாது. படத்துக்குள்ள என்னா வேணா வச்சிக்கங்க.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். புடவை ஆரம்பிக்கும் மூலையில், ஜரிகையில் வருகிற மாதிரி, கடுகளவு ‘உ’ ஒன்றைப் படத்திலேயே வரைந்தேன். பெயரிலிருந்து எடுத்தேன். என்டர் தட்டினேன். கேள்வியே கேட்காமல் ஓடியது. அவர் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

கல்யாணத்தன்று எல்லோரும் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவள் இடுப்பில் சொருகியிருந்த முனையை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். நெசவாளரை ஓரமாக இழுத்தேன்.

“அண்ணா, சுழி தலைகீழா விழுந்துடலையே?”

“நேராத்தான் விழுந்துது. வந்து சாப்புடுப்பா.”

“நீங்க எந்தப் பக்கம் நின்னு பாத்தீங்க?”