நிலையில் வெட்டிய கோடு

பதுளை ஆஸ்பத்திரியில் என்னைச் சுவரோடு சுவராக நிற்க வைத்துவிட்டார்கள். பாடம் படிக்காமல் வந்த பிள்ளையை நிறுத்தி வைப்பதுபோல. நான் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. எழுபது வயதுக்கு மேல் அந்தக் குறையும் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கழுத்து வலி என்றுதான் போனேன். இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறேன், டாக்டர் ஒரு மாத்திரைகூட எழுதவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் என்னவோ கிறுக்கி, பயிற்சி சொல்லித் தருகிற மிஸ்ஸிடம் போகச் சொன்னார். மாத்திரை தராதவர் என்ன டாக்டர் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். மிஸ் ஒரு சிங்களப் பிள்ளை. தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள்.

"அம்மே, கெலின் நில்லுங்க."

கெலின் என்றால் நேராக. எத்தனை வருடம் சிங்களக் கடையில் சாமான் வாங்கியிருக்கிறேன், அதுகூடவா தெரியாது?

"நேராத்தாங்க நிக்கிறேன்."

"நேரா இல்ல. குதி தொடுது. முதுகு தொடுது. தல தொடல்ல நே."

என் பின்தலைக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுக் காட்டினாள். கை தாராளமாகப் போய் வந்தது. ஒரு பூனைக்குட்டி அதற்குள் படுத்துத் தூங்கலாம். நான் சிரித்துவிட்டேன். அடுத்து அவள் மூலையில் இருந்து ஒரு நீளக் கம்பை எடுத்து வந்து என் முதுகோடு வைத்தாளே, அப்போது சிரிப்பை அடக்கவே முடியவில்லை. அந்தக் கம்பு எனக்குத் தெரிந்த கம்பு.

கொழுந்து எடுக்கிறவர்களுக்கு மட்டக்கம்பு என்று ஒன்று உண்டு. மெல்லிசாக, நீளமாக இருக்கும். அதைத் தேயிலைச் செடியின் தலைமேல் படுக்க வைத்து, கம்புக்கு மேலே தெரிகிற கொழுந்தை மட்டும் கிள்ளுவோம். மலை முழுக்கப் பாய் விரித்த மாதிரி மட்டமாக இருக்க வேண்டும். மட்டம் தவறினால் கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசுவார். நாற்பது வருடம் அந்தக் கம்போடு கிடந்தேன். கையில் அதன் வாசனைகூட ஏறியிருந்தது. மழையில் ஊறின பட்டையும் பச்சைக் கொழுந்தும் கலந்த வாசனை. ஆஸ்பத்திரிக் கம்பில் டெட்டோல் வாசனைதான் அடித்தது.

கதையைச் சொன்னேன். மிஸ்ஸும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "நாப்பது வருசம் தேயிலக்கி வச்சது. ஒங்களுக்கு ஒரு நாளும் வைக்கல்ல."

நாடியைக் கழுத்துப் பக்கம் உள்ளே இழுக்கச் சொன்னாள். தோளைப் பின்னால் தள்ளி இறக்கச் சொன்னாள். "மேல இருந்து ஒரு கயிறு தலய இழுக்குது, அப்பிடி நினைங்க." கூடைக் கயிறு என் தலையை வாழ்நாள் முழுக்கக் கீழே இழுத்திருக்கிறது, மேலே இழுக்கிற கயிற்றை எங்கே போய் நினைப்பது? ஆனாலும் நினைத்தேன். எங்கோ ஒரு எலும்பு 'டக்'கென்றது. அப்புறம் மூச்சு உள்ளே போனது பாருங்கள், அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. என் நெஞ்சுக்குள் இவ்வளவு இடம் இருந்ததா! காலையில் கண்டக்டர் சில்லறைக்காகச் சண்டை பிடித்த கோபம் அதுவரை உள்ளே உட்கார்ந்திருந்தது. அது எப்போது இறங்கிப் போனதென்றே தெரியவில்லை. எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மலை. மலைக்கு மேலே வானம். கழுத்தைத் தூக்காமலே தெரிந்தது.

"இப்பிடி நின்னா மூச்சுக்கு எடம் இருக்கும். வலி கொறையும். மனசும் லேசு. வீட்டுல தினமும் நில்லுங்க."

நீங்களும் வேண்டுமானால் நின்று பாருங்கள். காசா, பணமா? நான் இப்போது தினமும் நிற்கிறேன். கழுத்து வலி பாதிக்கு மேல் போய்விட்டது. தூக்கமும் வருகிறது. மருமகனிடம் எரிந்து விழுவதுகூடக் குறைந்திருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்கு எழுத்து வராது, நான் சொல்லச் சொல்ல எங்கள் தோட்டத்து டீச்சர்தான் புத்தகத் தமிழில் இதை எழுதுகிறார். உடம்பை நேராக வைத்திருப்பதற்கு நல்ல சொல் என்ன என்று கேட்டேன். "நிலைன்னு போடலாங்க" என்றார். எங்களுக்கு நிலை என்றால் கதவு நிலை. டீச்சர் அந்தச் சொல்லைச் சொன்னதும்தான் எனக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கதவு நிலைக்குப் பிறகு வருகிறேன். முதலில் காலைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் யாரையும் காலை வைத்தே சொல்லிவிடுவேன். வெடித்த குதி, வளைந்த பெருவிரல், அட்டை கடித்துக் கடித்துக் கறுத்த கணுக்கால். ஐந்து துரைமாருக்கு வேலை செய்திருக்கிறேன். ஒருவர் முகமும் நினைவில்லை. சப்பாத்து ஐந்தும் நினைவிருக்கிறது. மூன்றாவது துரையின் சப்பாத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அந்த அளவுக்குக் குனிந்தே இருந்திருக்கிறேன்.

பிறக்கும்போதே குனிந்தா பிறந்தேன்? இல்லை. பெயர் பதிந்து முதல் நாள் பெரட்டுக்குப் போனேன். பெரட்டு என்றால் காலையில் எல்லாரும் வந்து நிற்க, யார் எந்த மலைக்கு என்று வேலை பிரிக்கிற இடம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, என்ன நடக்கிறது என்று தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கங்காணி என் முன்னால் வந்து நின்றார்.

"யாருடி இவ, கொடிமரம் மாதிரி நிக்கிறா? பங்களாவுக்கு மருமகளாப் போகப் போறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் அம்மா சிரிக்கவில்லை, என் பிடரியில் கையை வைத்து அழுத்தினாள். "தலய குனிடி. திமிருன்னு நெனச்சிக்குவாங்க." அன்றைக்கு எனக்கும் அம்மாவுக்கும் கிடைத்தது கடைசி மலை. ஏறிப் போகவே ஒரு மணி நேரம். கூடை நிறைந்ததும் அதே செங்குத்தில் இறங்க வேண்டும். அட்டைக்கும் குறைவில்லை. குனிந்து நின்றால் பக்கத்து மலை, நிமிர்ந்து நின்றால் கடைசி மலை. இதைப் படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டாமே. ஒரே நாளில் படித்துவிட்டேன்.

அப்புறம் எனக்குத் தவமணி பிறந்தாள். அப்பன் வீட்டு உயரம். பதினாறு வயதிலேயே என்னைத் தாண்டிவிட்டாள். அவள் நடையைச் சொல்ல வேண்டும். மலையிலிருந்து திரும்பும்போது என் மட்டக்கம்பைப் பிடுங்கி, முதுகுக்குப் பின்னால் இரண்டு முழங்கைகளிலும் கொடுத்துக்கொண்டு, நெஞ்சை விரித்து நடப்பாள். அந்தக் குறுக்குப் பாதையே அவளுக்குப் போட்ட பாதை மாதிரி இருக்கும்.

"ஏண்டி, பட்டாளத்துக்கா போற? ஆள் பாக்குறாங்க."

"பாக்கட்டுமேம்மா. இப்பிடிப் போனா பெரகல வரைக்கும் தெரியிற மாதிரி இருக்கு."

பெரகல எங்கே, எங்கள் தோட்டம் எங்கே! இருந்தாலும் சொல்வாள். நான் பார்க்கும்போதெல்லாம் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவேன். குனி, குனி. என் அம்மாவின் கை என் கையில் வந்து உட்கார்ந்திருந்தது.

அவளுக்குப் பத்தொன்பது வயதில் மடுல்சீமையில் இருந்து ஒரு இடம் வந்தது. கொண்டுவந்தவர் என் அண்ணன். அவர் அங்கே வேலை செய்தார். பையன் அங்கே தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை, குடிக்க மாட்டான், ஒரே மகன். எல்லாம் சரி.

"ஒசரம் எப்பிடிண்ணே?"

அண்ணன் யோசித்தார். "என் காது மட்டம் இருப்பான்."

அண்ணனைக் கதவு நிலையோடு நிற்க வைத்தேன். என் வீட்டுக்காரர் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்து, அண்ணன் காதுக்கு நேராக நிலையில் ஒரு கோடு வெட்டினேன். "காத அறுத்துறாத தாயி" என்று அண்ணன் கத்தினார். அப்புறம் தவமணியைக் கூப்பிட்டு நிறுத்தினேன். கோட்டுக்கு மேலே இரண்டு விரல் தலை தெரிந்தது.

வெறும் இரண்டு விரல். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு மலையே சரிந்த மாதிரி இருந்தது. ஆம்பிளையைவிட உசந்தவள் என்று தெரிந்தால் யார் கட்டுவார்கள்? பெண் பார்க்க வர ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரமும் காலையிலும் சாயங்காலமும் பயிற்சிதான். தோளைக் குறுக்கு, கழுத்தை முன்னால் விடு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கு. கோட்டுக்குக் கீழே வந்தால்தான் சோறு என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் அப்பா வாசல் பக்கத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். "பொண்ணப் பாக்க வாராங்களா, கோழிக்கூட்டுக்கு ஆள் பாக்க வாராங்களா?" என்பார். நான் அவரையும் ஏசினேன்.

ஆறாம் நாள் அவள் கோட்டுக்குக் கீழே வந்தாள். எனக்கு வந்த சந்தோசத்தில் அவளுக்குப் பிடித்த தேங்காய் ரொட்டி சுட்டுக் கொடுத்தேன்.

வந்தார்கள். பையன், அவன் அம்மா, கூடவே என் அண்ணன். தவமணி தேத்தண்ணித் தட்டோடு நான் சொல்லிக் கொடுத்தபடியே வந்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. தோள் குறுகி, கழுத்து நீண்டு, முழங்கால் மடங்கி. பையனின் அம்மா தேத்தண்ணியை வாங்கினார், ஆனால் குடிக்கவில்லை. என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"மொகம் லெச்சணமா இருக்கு. முதுகுலதான்... சின்ன வயசுல இருந்தே கூனாங்க?"

அவசரத்தில் கத்திவிட்டேன்: "அடியே, நிமிருடி!"

தவமணி என்னைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். அந்த ஒரு வாரத்தையும் உதறிப் போட்டதுபோல முழுசாக நிமிர்ந்தாள். பையன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான். அவளைப் பார்க்கக் கொஞ்சம் தலையைத் தூக்கவேண்டியிருந்தது, தூக்கித்தான் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஒருத்தனுடைய முகத்தை நான் நேராகப் பார்த்து இன்றைக்கும் நினைவில் வைத்திருக்கிறேன் என்றால் அது அந்த முகம்தான்.

"இப்பத்தான் நல்லா இருக்கு. எதுக்குங்க குனிஞ்சீங்க?" என்று அவளிடமே கேட்டான்.

அவள் பதில் சொல்வதற்குள் அவன் அம்மா எழுந்துவிட்டார். "கொஞ்ச நேரம் கூனு, கொஞ்ச நேரம் நெட்டயா? இன்னும் என்னென்ன மறச்சி வச்சிருக்கீங்களோ. எந்திரிடா தம்பி, போவோம்." நானும் அண்ணனும் எவ்வளவோ சொன்னோம். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ரோட்டு வளைவில் அந்தப் பையன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான்.

உயரம் கெடுக்கவில்லை. நான் கெடுத்தேன்.

தவமணி அழவில்லை. தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் கிளாசுகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "குனிஞ்சதும் நீ சொல்லித்தான். நிமிந்ததும் நீ சொல்லித்தான். இனி ஒன்னும் சொல்லாத."

அன்றிலிருந்து அவள் குனிந்துகொண்டாள். அடுத்த வருடம் எங்கள் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கிலேயே ஒரு பையனைப் பார்த்துக் கட்டிவைத்தோம். அவளைவிட அரைச்சாண் உயரம், நல்ல மனிதர், என்னோடு மட்டும்தான் சண்டை. அவரும் சொல்லிப் பார்த்திருக்கிறார், "நிமிந்து நட புள்ள" என்று. அவள் நிமிரவில்லை. மட்டக்கம்பு செடிமேல் மட்டும்தான் கிடந்தது. முப்பது வருடம் கூடை, இப்போது கூடைக்குப் பதில் தலையில் மாட்டுகிற பை. இரண்டும் ஒரே பக்கம்தான் இழுக்கிறது.

பதுளையில் இருந்து திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு இது ஒன்றுதான் மனதில். இவ்வளவு மூச்சு, இவ்வளவு வானம். இது அவளிடம் தானாகவே இருந்தது. யாரும் கம்பு வைத்துச் சொல்லிக் கொடுக்காமலே இருந்தது. அதை நான் தட்டித் தட்டி எடுத்தேன். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு ஆசை. நான் நிமிர்ந்துவிட்டேனே, என்னைவிடச் சின்னவள் நிமிர மாட்டாளா?

நாங்கள் இருந்த லயம், அந்த வரிசை வீடுகள், இன்றைக்கு இல்லை. மண் சரியும் இடம் என்று சொல்லி எங்களுக்கு வேறு பக்கம் வீடு கட்டிக் கொடுத்தார்கள். பழைய லயத்தின் தகரத்தை ஒருத்தர் கொண்டுபோனார், கல்லை ஒருத்தர் கொண்டுபோனார். எங்கள் கதவு நிலை யாருடைய அடுப்பில் எரிந்ததோ. புது வீட்டில் நிலை சீமெந்து. கத்தி இறங்காது. பீலிக்கரை போய்விட்டது, குறுக்குப் பாதையில் மானாப் புல் மூடிவிட்டது, அண்ணனும் போய்விட்டார்.

பதுளை போய் வந்த பிறகு, வீடு மாறுவதற்கு முதல் நாள் தவமணி சட்டி பானையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கூப்பிட்டு நிலையோடு நிற்கச் சொன்னேன். "என்னம்மா, இந்த வயசுலயும் மாப்பிள்ள பாக்குறியா?" என்று சிரித்துக்கொண்டே வந்து நின்றாள். மிஸ் சொன்னதெல்லாம் சொன்னேன். குதியை ஒட்டு, நாடியை இழு, தோளை இறக்கு, மேலே இருந்து ஒரு கயிறு இழுக்குதென்று நினை. அவளும் கண்ணை மூடிக்கொண்டு, முடிந்தமட்டும் நிமிர்ந்தாள். நான் உள்ளங்கையை அவள் உச்சந்தலையில் வைத்தேன்.

கோடு என் கைக்கு ஒரு விரல் மேலே இருந்தது.

அவளும் திரும்பி அண்ணாந்து பார்த்தாள். சுண்ணாம்பு படிந்த அந்த வெட்டை விரலால் தடவினாள்.

"ஏம்மா, கோட்ட மேல ஏத்திட்டியா?"

"ஆமாடி," என்றேன். "நாந்தான் ஏத்துனேன்."